நீரூற்றும் ஐந்தரை மணி பஸ்ஸும்

டில்லியில் எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் காலை எட்டு மணிக்குக் குழாய் நின்றுவிடும். எட்டென்றால் எட்டுதான், ஒரு சொட்டு கூடுதலாக விழாது. அதற்குள் குளித்து, துணி அலசி, முந்தின நாள் பாத்திரமெல்லாம் தேய்த்துக் கவிழ்த்தாக வேண்டும். எண்பதுகளின் தொடக்கம் அது. என் வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். சேலத்துப் பக்கத்துக்காரி, என்னைவிட நாலைந்து வயது இளையவள். எங்கள் பிளாக்கில் நாலு வீடு அவள் கையில். ஆறரைக்கு மாடி வீட்டில் தொடங்கி, எட்டுக்குள் நாலாவது வீட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள். அவள் கை போகிற வேகத்தைப் பார்த்தால் பார்க்கிற எனக்கே மூச்சு வாங்கும்.

முன்பெல்லாம் அவள் எங்கள் காலனிக்குப் பின்னாலேயே ஒரு குடிசையில் இருந்தாள். ஜுக்கி என்பார்கள் அங்கே. ஒருநாள் அந்த ஜுக்கிகளை இடித்து, சட்டி பானையோடு எல்லோரையும் லாரியில் ஏற்றி, யமுனைக்கு அக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். வீடு அங்கே, வேலை இங்கே. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பஸ். காலை ஐந்தரைக்கு அக்கரையில் கிளம்பி, கனாட் பிளேஸ் பக்கத்தில் ஒரு சின்ன பஸ் நிலையத்துக்குள் நுழைந்து வெளியே வந்து, எங்கள் காலனி வாசலில் வந்து நிற்கும். அதுதான் கடைசி நிறுத்தம். பல வருஷமாக அந்த பஸ் எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. நான் ஒருநாள்கூட அதில் ஏறினதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் ஒரு அறிவிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் ஒரு மினிஸ்ட்ரியில் செக்‌ஷன் ஆபீசர். பேப்பரில் மற்றவர்கள் சினிமாப் பக்கம் பார்ப்பார்கள், கிரிக்கெட் பார்ப்பார்கள். இவர் டெண்டர் விளம்பரமும் பொது அறிவிப்பும் ஒன்று விடாமல் படிப்பார். படித்துவிட்டு காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார்: “நகர மையத்தை அழகுபடுத்தப் போறாங்களாம். அந்தச் சின்ன பஸ் நிலையத்தை எடுத்துட்டு, தோட்டம், கலர் விளக்கு வச்ச நீரூற்று, பளிங்கு பெஞ்சு. ஆத்துக்கு அந்தப் பக்கத்து பஸ்ஸெல்லாம் இனிமே பாலத்துகிட்டயே நின்னுரும். பொதுமக்கள் ஆட்சேபணை, ஆலோசனை எழுதித் தரலாம்னு போட்டிருக்கு.”

ஏற்கெனவே மேம்பாலம் கட்டுகிறேன் என்று ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். மார்க்கெட்டுக்குப் போனால் தலையில் ஒரு படி மண்ணோடு திரும்ப வேண்டியிருந்தது. இதில் நீரூற்று வேறா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேலே தண்ணீரைப் பீய்ச்சி அடித்து வேடிக்கை பார்க்கக் காசு இருக்கிறது, ஒரு பஸ்ஸை உள்ளே விட இடம் இல்லையா? மறுநாள் காலை அவள் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவள் சாம்பல் போட்டு வாணலியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். நிறுத்தவில்லை.

“அப்ப ரெண்டு பஸ்ஸு மாறணும்க்கா. பாலத்துகிட்ட அடுத்த பஸ்ஸு எப்ப வருமோ. இங்க வந்து சேர ஏழரை ஆயிரும். தண்ணி நிக்கறதுக்குள்ள ஒரு வூடுதான் முடியும். மூணு வூட்ட வுட்டுட வேண்டியதுதான்.”

“எந்த ஒரு வீட்டை வச்சுக்கிடுவ?” என்று கேட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் என் வாயில் முதலில் வந்தது அந்தக் கேள்விதான். அவள் வாணலியைக் குழாயில் காட்டிக் கழுவினாள். அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். புருஷன் கட்டட வேலைக்குப் போகிறவன், வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நாலு வீடு ஒரு வீடு ஆனால் அடுப்பு எப்படி எரியும் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

“ஆபீஸ்ல என் டிராஃப்ட்ட அடிச்சுக்க ஆள் இல்லைன்னு சொல்லுவியள்லா? ஒரு மனு எழுதுங்க பாப்போம்.”

“எழுதலாம். கையெழுத்துதான் போட முடியாது. சர்க்கார் சம்பளம் வாங்குதவன் சர்க்காரைக் குறை சொல்லப்பிடாது. நடத்தை விதின்னு ஒண்ணு இருக்குட்டி.”

இது எங்கள் குவார்ட்டர்ஸில் பழகிப்போன விஷயம்தான். தெருவிளக்கு எரியாவிட்டாலும், கூரை ஒழுகினாலும், ஆண்கள் எழுதுவார்கள், பெண்கள் கையெழுத்துப் போடுவார்கள். விதி புருஷனுக்குத்தானே, பெண்டாட்டிக்கு இல்லையே. இப்படியே நானும் எத்தனையோ புகார்களுக்குச் சொந்தக்காரி ஆகியிருக்கிறேன். பாதியில் என்ன எழுதியிருந்தது என்றுகூடத் தெரியாது.

இந்த மனுவை எழுத நாலு சாயங்காலம் ஆனது. முதல் நாள் நானே பக்கத்தில் உட்கார்ந்து, “கண்டிக்கிறோம்னு போடுங்க” என்றேன். அவர் போட்டார். மறுநாள் மாடி வீட்டு மாமியின் வீட்டுக்காரரிடம் காட்டினார். அவர் அண்டர் செக்ரெட்டரி, இவரைவிட ஒரு படி மேலே. அவர் சிவப்புப் பேனாவால் கண்டிக்கிறோமை அடித்துவிட்டு, ‘மறுபரிசீலனை செய்யக் கோருகிறோம்’ என்று இங்கிலீஷில் மாற்றினார். மூன்றாம் நாள் அதுவும் கொஞ்சம் சூடாகத் தெரிந்ததாம். ‘நடைமுறைக்கு ஒத்துவருமானால் கருத்தில் கொள்ளலாம்’ என்று ஆனது. நாலாம் நாள் ஆபீஸ் நோட்டு மாதிரியே எண் போட்ட பத்தியாக, ஓரம் விட்டு, சுத்தமாக டைப் அடித்துக் கொண்டுவந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நானும் எஸ்.எஸ்.எல்.சி. வரை இங்கிலீஷ் படித்தவள்தான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் பத்தியில் அறிவிப்பைப் பற்றி. இரண்டாம் பத்தியில் தலைநகரின் மையத்தை அழகுபடுத்தும் திட்டம் மிகவும் பாராட்டத்தக்கது என்று. மூன்றாம் பத்தியில் அது ஏன் பாராட்டத்தக்கது என்று.

“ஏங்க, இதுல பஸ் எங்க இருக்கு?”

“நாலாவது பத்தியில.”

“அது வரைக்கும் யாரு படிப்பா?”

“ஆபீஸ்ல எல்லாத்தையும் படிப்பாங்க. எடுத்த எடுப்புல குறை சொன்னா எந்த ஆபீசருக்கும் பிடிக்காது. முதல்ல ஒத்துக்கிடணும், பெறகு ‘அதே சமயத்தில்’னு ஆரம்பிக்கணும். உனக்கு இதெல்லாம் தெரியாது.”

தெரியாதுதான். பிளாக்கில் பன்னிரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டோம். எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் போட்டோம். அவள் அப்போது அங்கேதான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலேயே பேனா இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போயிற்று. அவளிடம் கையெழுத்துக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றக்கூட இல்லை.

ஒரு மாதம் கழித்து, கருத்துச் சொன்னவர்களை நேரில் கேட்கப்போகிறோம் என்று கடிதம் வந்தது. கோல் மார்க்கெட் பக்கத்தில் ஒரு கூடம், காலை பதினோரு மணி. அந்த நேரத்தில் ஆண்களெல்லாம் ஆபீஸில். பன்னிரண்டு பேரில் ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்கு மைத்துனர் வருகிறார், ஒருத்திக்கு அப்பளம் காய்கிறது. கடைசியில் மிஞ்சினது மாடி மாமியும் நானும். மாமி கும்பகோணத்துக்காரி. டில்லிக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் ஹிந்தியை வீட்டு வாசற்படி தாண்ட விடாதவள். என் ஹிந்தி கத்திரிக்காய், காலிஃப்ளவர் பேரம் பேசுகிற வரைக்கும் போகும், அதற்கு மேல் போகாது.

“நானும் வர்றேங்க்கா” என்றாள் அவள். “நாலு வூடும் முடிச்சிட்டேன்.”

ஆட்டோவில் போகலாம் என்றாள் மாமி. அவள் சிரித்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றினாள். ஏற்றினாள் என்றால் உண்மையாகவே முதுகில் கைவைத்துத் தள்ளி ஏற்றினாள். உள்ளே போனதும் ஹிந்தியில் கண்டக்டரை ஒரு அதட்டு, சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒருவனை ஒரு அதட்டு. எங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. வீட்டில் தலையைக் குனிந்துகொண்டு தேய்க்கிற பெண்ணா இது என்று நான் வாயைப் பிளந்தேன். மாமி என் காதோரம், “எப்படி பொளந்து கட்றா பாருடி” என்றாள்.

கூடத்தில் நல்ல கூட்டம். டில்லிக்காரர்களுக்குக் கருத்துக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கடைக்காரர் எழுந்து, தோட்டமும் வேண்டாம் பஸ்ஸும் வேண்டாம், கார் நிறுத்த இடம் கட்டுங்கள் என்றார். ஓய்வுபெற்ற ஒருவர், வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள், நீரூற்று அவசியம் வேண்டும், ஒன்று போதாது, இரண்டு வையுங்கள் என்றார். இன்னொருவர் பழைய டிராம் வண்டியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். ஒரு அம்மாள் தன் வீட்டு மின்சார மீட்டர் தாறுமாறாக ஓடுகிறது என்றாள். அதற்கும் இந்தக் கூட்டத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். மேஜைக்குப் பின்னால் ஒரு ஆபீசர், மூக்குக்கண்ணாடி போட்ட பஞ்சாபிக்காரர், எல்லாவற்றுக்கும் அச்சா, அச்சா என்று தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான். எனக்கு அவரைப் பார்த்ததும் பயம் போய்விட்டது.

எங்கள் முறை வந்தது. லக்ஷ்மிபாய் நகர் என்று கூப்பிட்டார்கள். மாமியும் நானும் எழுந்து நின்றோம். ஆபீசர் எங்கள் காகிதத்தை எடுத்துப் பார்த்து முகம் மலர்ந்தார். இவ்வளவு அழகாக எழுதப்பட்ட கடிதம் இந்தக் காகிதக் கட்டிலேயே வேறு கிடையாது என்று ஹிந்தியில் சொன்னார். எனக்குப் பூரித்துப் போயிற்று. பிறகு, திட்டத்தை மனமார ஆதரிக்கும் லக்ஷ்மிபாய் நகர் சகோதரிகளுக்கு நன்றி என்று சொல்லி, எதையோ எழுதிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார். பின்னால் இரண்டாவது நீரூற்று கேட்டவர் எங்களைப் பார்த்துக் கைதட்டினார்.

“என்னடி இது, ஆதரவுங்கறான்? நாம எங்கே ஆதரிச்சோம்?” என்றாள் மாமி.

எனக்கு மூளை வேலை செய்யவில்லை. “நோ சார், நோ சார்” என்றேன். ஆபீசர் பொறுமையாக எங்கள் காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டாம் பத்தியில் பாராட்டத்தக்கது என்ற இடத்தில் நீல மையால் கோடு போட்டிருந்தது. ஓரத்தில் ‘ஆதரவு’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. நாலாவது பத்தியில் ஒரு கோடும் இல்லை. அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் மட்டும் கையில் கிடைத்திருந்தால் அவர் ரிட்டயர்மெண்டை நானே கொடுத்து அனுப்பியிருப்பேன். மாமி இங்கிலீஷில் “ஆக்சுவலி சார்” என்று தொடங்கினாள். ஆக்சுவலிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நான் ஹிந்தியில் பஸ் என்றேன், தண்ணீர் என்றேன், எட்டு மணி என்றேன். குழாயைப் பற்றி வேறு ஆபீஸில் சொல்லுங்கள் சகோதரி என்றார் அவர். அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுடைய பிழைப்பை நாங்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு எடுத்துவிட்டோமே.

அப்போது பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்து வந்தாள். வந்து எங்களுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“சாப், இவங்க அந்த பஸ்ல போறவங்க இல்ல. பஸ் மேரா ஹை” என்றாள். பஸ் என்னுடையது என்று.

நீ யார் என்று கேட்டார் ஆபீசர். இவர்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறேன் என்றாள். அப்புறம் மடமடவென்று ஹிந்தியில் பேசினாள். வெள்ளம் மாதிரி வந்தது பேச்சு. எனக்குப் பாதிதான் பிடிபட்டது, மீதியை மாமிக்கும் எனக்கும் திரும்பிப் போகும்போது அவளே தமிழில் சொன்னாள். எங்களை நீங்கள்தான் அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டீர்கள், இப்போது பஸ்ஸையும் பாலத்தோடு நிறுத்தினால் எப்படி என்று கேட்டாளாம். அந்த பஸ்ஸில் ஐந்தரைக்கு ஏறுகிற நாற்பது ஐம்பது பெண்களும் யார் யார் வீட்டில் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொன்னாளாம். நாங்கள் வராவிட்டால் டில்லியில் பாதி ஆபீசர்கள் டிபன் இல்லாமல்தான் ஆபீசுக்குப் போக வேண்டும் என்றதும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு.

ஆபீசரும் சிரித்துவிட்டார். “அப்படியானால் உனக்கு நீரூற்று வேண்டாமா?” என்று கேட்டார்.

“வேணும் சாப். யாருக்குத்தான் பிடிக்காது? எம் புள்ளைங்களக் கூட்டிட்டு வந்து காட்டணும். ஆனா பாக்க வர்றதுக்கும் பஸ் வேணுமே.”

இந்தத் தடவை நீரூற்றுக் கிழவரே கைதட்டினார். ஆபீசர் எங்கள் காகிதத்தில் ‘ஆதரவு’ என்பதை அடித்துவிட்டு ‘ஆட்சேபணை’ என்று எழுதினார். எழுதிவிட்டு, சரி, உன் ஆலோசனை என்ன என்று அவளைக் கேட்டார். அறிவிப்பில் ஆலோசனையும் கேட்டிருந்தார்கள், நாங்கள்தான் அதை மறந்துவிட்டோம். அவள் மறக்கவில்லை. நிலையத்தை அப்படியே விடுங்கள், ஒரு ஓரத்தில் நீரூற்று வையுங்கள், அந்த பஸ்ஸை லக்ஷ்மிபாய் நகரோடு நிறுத்தாமல் வெளிநாட்டுத் தூதரகங்கள் இருக்கிற சாணக்யபுரி வரைக்கும் விடுங்கள் என்றாள்.

“சாணக்யபுரியில் பஸ்ஸில் யார் போகிறார்கள்? அங்கே எல்லாரிடமும் கார் இருக்கிறது.”

“காரைத் தொடைக்கிறவங்க பஸ்லதான சாப் வரணும்.”

ஆபீசர் அதையும் எழுதிக்கொண்டார். திரும்பும்போது மாமி வழியெல்லாம், “நாக்கா அது, அரிவாள்” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். கோல் மார்க்கெட்டில் அவளுக்குச் சூடாக ஜிலேபி வாங்கிக் கொடுத்தாள். மாமி வெளியே நின்று சாப்பிட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து, “என்னாச்சு, நோட்டைப் பத்தி என்ன சொன்னாங்க?” என்று ஆசையாகக் கேட்டார்.

“ரொம்ப அழகா இருக்குன்னு சொன்னாங்க. நீரூத்துக்கு உங்க பேரையே வைக்கப் போறாங்களாம்” என்று ஆரம்பித்து, நான் பேசினதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவர் அமைதியாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், “அடுத்த தடவை நாலாவது பத்தியை மூணாவதா போட்டுருவோம்” என்றார். திருந்துகிற ஜென்மமா அது.

மூன்று நாலு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பேப்பரில் மறுபடி அறிவிப்பு. நிலையத்தில் பாதியைத்தான் தோட்டத்துக்கு எடுக்கிறார்கள், பஸ்கள் மீதிப் பாதிக்குள் வந்துபோகும், அக்கரை பஸ் சாணக்யபுரி வரை நீட்டிக்கப்படும். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். மாமி பாயசம் வைத்துவிட்டாள். எங்கள் பிளாக்குக்கே அன்று பண்டிகைதான். கையெழுத்துப் போட்ட பன்னிரண்டு பேரும், வராத பத்துப் பேரும் சேர்த்துத்தான், நாங்கள் போராடி வாங்கின பஸ் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னோம். நான் இரண்டு படி மேலே போய், ஒரு ஏழைப் பெண்ணுக்காக ஆபீசர் முன்னால் நின்று பேசினதாக ஊருக்கு அம்மாவுக்குக் கடிதமே எழுதிவிட்டேன்.

நீட்டித்த பஸ் ஓடத் தொடங்கி ஒரு மாதம் இருக்கும். கடைசித் தட்டைக் கவிழ்த்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி அவள் சமையலறையிலேயே நின்றாள்.

“அக்கா, ஒண்ணாந்தேதியில இருந்து நான் வர மாட்டேங்க்கா. சாணக்யபுரியில ஒரு ஸ்டேட்டோட கெஸ்ட் ஹவுஸ் இருக்குதுல்ல, அங்க சமையக்கட்டுல வேலை. பர்மனென்ட்டு. லீவு உண்டாம், மத்தியானம் சாப்பாடு உண்டாம். நாலு வூட்டுக்கும் ஆள் சொல்லி வச்சிருக்கேன்.”

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதைச் சொல்லத்தானே வேண்டும். இந்த பஸ்ஸுக்கு எத்தனை அலைச்சல், எத்தனை அவமானம், கடைசியில் அதிலேயே ஏறி என் வாசலைத் தாண்டிப் போகப் போகிறாளே என்று. பிறகுதான் புத்தியில் தட்டியது.

“ஏளா, அன்னைக்கு அந்த ஆபீசர்கிட்ட சாணக்யபுரின்னு சொன்னியே, அப்பவே இது மனசுல இருந்துச்சா?”

“அதுக்கும் முன்னாலயேங்க்கா. ரெண்டு வருசமா கூப்ட்டுட்டு இருக்காங்க. அங்க போறதுக்கு பஸ்ஸு இல்ல, அதான் போவல.”

“ரெண்டு வருஷமாவா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

அவள் கோபப்படவில்லை. சிரித்தாள்கூட.

“நீங்க கேக்கலியேக்கா. பஸ்ஸு போச்சுன்னா எந்த வூட்ட வச்சுக்குவேன்னு கேட்டீங்க. எனக்கு என்ன வேணும்னு அந்த ஆபீசரு ஒருத்தருதான் கேட்டாரு.”

அடுப்பில் பால் பொங்க இருந்தது. அணைத்துவிட்டு அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி கலந்தேன். கீழே உட்காரப் போனவளை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்து, ஊதி ஊதிக் குடித்தாள். நானும் எதிரே உட்கார்ந்து, அந்த கெஸ்ட் ஹவுஸில் என்ன வேலை, எத்தனை பேருக்குச் சமையல், பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.